அளந்து எரிக்கும் எஞ்சின்

விருதுநகர் மாவட்டத்தில் வெம்பக்கோட்டையை அடுத்து அமைந்த ஊர் தாயில்பட்டி. கரிசல் மண் பரந்து கிடக்கும் நிலம் அது. மழை பொய்த்தால் விளைவும் பொய்க்கும். ஆதலின் அவ்வூரிலும் சுற்றுப்புற ஊர்களிலும் வாழும் மக்கள் பலர் பட்டாசுத் தொழிலையும் தீப்பெட்டித் தொழிலையும் நம்பி வாழ்கின்றனர். தீயின் இயல்பை நூல்களால் அறிந்தோர் உலகிற் பலர். கைப்பழக்கத்தால் அறிந்தோர் இப்பகுதி மக்கள். அந்த அறிவுக்கு அவர்கள் கொடுத்துள்ள விலையும் சிறிதன்று. கவனம் ஒரு கணம் பிறழ்ந்தமையால் நேர்ந்த விபத்துகள் அங்குப் பல குடும்பங்களைத் துயரில் ஆழ்த்தியுள்ளன.

புஸ்வாணத்தையும் வெடியையும் ஒப்பிட்டுப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். புஸ்வாணத்தின் மருந்து சிறிய வாய் வழியாகச் சிறிது சிறிதாக எரிந்து ஒளிப்பூக்களைச் சொரிகிறது. வெடியின் மருந்தோ இறுக்கிக் கட்டிய காகிதச் சுற்றுக்குள் கண் இமைக்கும் நேரத்தில் முற்றும் எரிந்து, கட்டைக் கிழித்துக்கொண்டு பேரொலியுடன் சிதறுகிறது. இரண்டிலும் உள்ளது தீயே. ஆயினும் மருந்தின் கலவை, கட்டின் இறுக்கம், வழியின் அகலம் ஆகியவை வேறுபடுதலின் பயனும் வேறுபடுகிறது. ஒன்று நீண்ட நேரம் ஒளி தருவதற்காக அமைந்தது. மற்றொன்று ஒரு கணத்தில் ஓசை தருவதற்காக அமைந்தது.

அவ்வூர்ச் சாலைகளில் பட்டாசுப் பெட்டிகளைச் சுமந்து செல்லும் வண்டிகளுக்குள்ளும், தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வேன்களுக்குள்ளும், வாடகைக் கார்களுக்குள்ளும் எரிவதும் அத்தகைய தீயே. அவ்வண்டிகளின் எஞ்சின்களிலும் இரு வகை உண்டு. ஒரு வகை குறைந்த எரிபொருளில் நெடுந்தூரம் செல்வதற்காக அமைந்தது. மற்றொரு வகை மிக்க ஆற்றலும் விரைவும் தருவதற்காக அமைந்தது. முன்னதைச் சிக்கன எஞ்சின் என்றும், பின்னதை விரைவு எஞ்சின் என்றும் கூறலாம். இவை எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை அறிதல் அறிவுக்கு இன்பம் தருவது. வாழ்க்கைக்கும் பயன் தருவது.

எஞ்சினுள் எரியும் தீ

ஜெர்மன் நாட்டினராகிய நிக்கோலஸ் ஓட்டோ என்பவர் 1876-ஆம் ஆண்டில் நான்கு வீச்சு எஞ்சினை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். இக்காலப் பெட்ரோல் கார்களின் எஞ்சின்கள் பெரும்பாலும் அவர் காட்டிய நெறியைப் பின்பற்றியவை. சிலிண்டர் என்பது உருளை வடிவான ஓர் அறை. அதனுள் பிஸ்டன் என்னும் உறுப்பு மேலும் கீழும் இயங்குகிறது. முதல் வீச்சில் பிஸ்டன் கீழே இறங்கக் காற்றும் பெட்ரோலும் உள்ளே புகுகின்றன. இரண்டாம் வீச்சில் அது மேலே ஏறி அக்கலவையை அமுக்குகிறது. அப்பொழுது மின்பொறி தோன்ற, கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இது மூன்றாம் வீச்சு. நான்காம் வீச்சில் எரிந்த புகை வெளியே தள்ளப்படுகிறது. நான்கனுள் வேலை தருவது மூன்றாம் வீச்சு ஒன்றே. ஏனைய மூன்றும் அதற்குத் துணையாவன. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்குத் தண்டு. கலவை புகவும் புகை வெளியேறவும் உரிய வாயில்கள் வால்வுகள். அவற்றைக் காலம் தவறாமல் திறக்கச் செய்வது காம் தண்டு.

எஞ்சின் ஒரு நிமிடத்திற்கு 3000 முறை சுழல்வதாகக் கொள்க. இரு சுழற்சிக்கு ஒரு முறையே ஒரு சிலிண்டரில் தீ எழும். எனவே ஒரு சிலிண்டரில் ஒரு நொடிக்கு 25 முறை தீ எழுகிறது. நான்கு சிலிண்டர் உள்ள எஞ்சினில் அஃது 100 முறையாகும். ஆயிரம் வாலாச் சரத்தில் உள்ள வெடிகளின் எண்ணிக்கையை அவ்வெஞ்சின் பத்தே நொடிகளில் எட்டிவிடும். ஆயினும் சரவெடியைப் போல அஃது ஊரை அதிரச் செய்வதில்லை. ஒவ்வொரு முறையும் எரிவது மிகச் சிறிதளவு பெட்ரோல். அதுவும் வெடித்துச் சிதறாமல், விரைவாகவும் சீராகவும் பரவும் சுடராக எரிகிறது.

இவ்வாறு எரியும் பெட்ரோலின் வெப்பம் முழுவதும் வண்டியை இழுக்கப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு போய்விடுகிறது. ஏறத்தாழ அதே அளவு வெப்பம் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வழியாகக் காற்றில் கலக்கிறது. எஞ்சியதே வேலையாக மாறுகிறது. அதிலும் ஒரு பகுதியை உறுப்புகளின் உராய்வு உண்டுவிடுகிறது. சிக்கன எஞ்சினை அமைப்போர் இவ்விழப்புகளை ஒவ்வொன்றாகக் குறைக்க முயல்வர். விரைவு எஞ்சினை அமைப்போர் சில இழப்புகளைப் பொறுத்துக்கொண்டு, ஒரு நொடியில் எரியும் எரிபொருளின் அளவைப் பெருக்க முயல்வர். இரு வகைக்கும் உள்ள வேறுபாடுகள் யாவும் இந்த நோக்க வேறுபாட்டிலிருந்தே தோன்றுகின்றன.

வண்டி மாடும் பந்தய மாடும்

தென்பாண்டி நாட்டில் மாட்டு வண்டிப் பந்தயம் அறியாதார் இலர். பந்தயத்தில் ஓடும் காளை சிறிது தொலைவைக் காற்றெனக் கடக்கும். அதற்கு இடும் தீனியும், அதனைப் பேணும் முறையும் தனி. பொதி சுமக்கும் வண்டி மாடோ மெல்ல நடக்கும். ஆயினும் கரிசற் சேற்றிலும் பாரத்தை இழுத்துக்கொண்டு நாள் முழுதும் செல்லும். இரண்டனுள் எது சிறந்தது என்று கேட்டல் பொருந்தாது. எந்தப் பணிக்கு எது ஏற்றது என்று கேட்பதே முறை.

எஞ்சினிலும் இவ்விரு தன்மைகள் உண்டு. தண்டைத் திருப்பும் வலிமை ஒன்று. ஓட்டுநர் இதனை இழுவை என்பர். ஒரு குறிப்பிட்ட காலத்தில் செய்யும் வேலையின் அளவு மற்றொன்று. இது குதிரைத் திறனால் அளக்கப்படும். இழுவையோடு சுழற்சி வேகமும் சேர்ந்தால் குதிரைத் திறன் பெருகும். ஆதலின் மிக்க திறன் வேண்டுவோர் எஞ்சினை மிக விரைவாகச் சுழலச் செய்கின்றனர்.

விரைந்து சுழலும் எஞ்சின் விரைந்து மூச்சு வாங்குதல் வேண்டும். அதற்கு அகன்ற காற்று வழிகளும், பெரிய வால்வுகளும், அவற்றை நெடுநேரம் திறந்து வைக்கும் காம் தண்டும் தேவை. வால்வுகள் விரைவாக மூடுவதற்கு விறைப்பான சுருள்வில்களும் தேவை. இவ்வமைப்பு உச்ச வேகத்தில் சிறப்பாக இயங்கும். மெல்லச் செல்லும்போதோ அகன்ற வழியில் காற்றின் ஓட்டம் தளர்ந்து, சிலிண்டர் சரிவர நிரம்புவதில்லை, இழுவை குன்றும். மேலும் சுழற்சி வேகம் இரு மடங்கானால் உராய்வினால் இழக்கும் ஆற்றல் இரு மடங்கினும் மிகும்.

சிக்கன எஞ்சின் இதற்கு மறுதலையானது. அதன் காற்று வழிகள் குறுகியவை. ஆதலால் குறைந்த வேகத்திலும் காற்று விசையுடன் உட்புகுந்து பெட்ரோலுடன் நன்கு கலக்கும். அதன் சுருள்வில்கள் மென்மையானவை. அவற்றை அமுக்குவதற்குச் செலவாகும் ஆற்றல் சிறிது. அது மெல்லச் சுழன்றே வேண்டிய இழுவையைத் தந்துவிடும்.

மற்றோர் இழப்பும் உண்டு. பெட்ரோல் எஞ்சினுள் காற்றுப் புகும் குழாயில் ஒரு தடுக்கிதழ் இருக்கும். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது திறக்கும்; காலை எடுத்தால் மூடும். ஆற்றல் மிகுந்த எஞ்சின் ஊருக்குள் மெல்லச் செல்லும்போது அந்த இதழ் பெரும்பாலும் மூடியே இருக்கும். அந்நிலையில் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் சிறிய இடுக்கு வழியாகக் காற்றை இழுக்க வேண்டும். மெல்லிய குழலை இட்டு இளநீரை உறிஞ்சுவோன் கன்னம் நோகப் பாடுபடுவது போன்றது அது. சிறிய எஞ்சினோ, மெல்லச் சுழலும் எஞ்சினோ அதே வேலையைச் செய்யும்போது இதழ் அகலத் திறந்திருக்கும்; உறிஞ்சும் பாடு குறையும். இக்காரணத்தாலேயே சிக்கன எஞ்சினுக்கு உரிய கியர்களும் வேறாக அமைக்கப்படுகின்றன. சக்கரம் அதே வேகத்தில் உருளும்போதும் எஞ்சின் மெல்லச் சுழலுமாறு அவை செய்கின்றன.

ஓர் உடலில் இரு வகை எஞ்சின்

1973-ஆம் ஆண்டில் மேற்கு ஆசியாவில் போர் மூண்டது. அதனைத் தொடர்ந்து சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. 1979-இல் மீண்டும் விலை ஏறியது. அதுகாறும் விரைவையே பெருமையாகக் கருதிய கார்த் தொழிலாளர் பலர் சிக்கனத்தின்பால் கருத்தைச் செலுத்தினர். அவருள் ஒருவர் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தார். 2007-ஆம் ஆண்டு முதல் செங்கற்பட்டுக்கு அருகிலும் தொழிற்சாலை அமைத்துக் கார்களைப் பூட்டிவரும் நிறுவனமே அது. அவர்கள் 1980-களின் தொடக்கத்தில் செய்த எஞ்சின் ஒன்று இப்பொருளுக்கு மிகத் தெளிவான சான்றாக விளங்குகிறது. அதற்கு அவர்கள் ஈட்டா என்று பெயரிட்டனர். ஈட்டா என்பது கிரேக்க எழுத்துகளுள் ஒன்று. பொறியியலில் அது பயனுறு திறனைக் குறிக்கும் அடையாளம்.

ஈட்டா எஞ்சினும், பின்னர் அந்நிறுவனத்தார் செய்த 2.5 லிட்டர் விரைவு எஞ்சினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் ஆறு சிலிண்டர்கள். இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் 84 மில்லிமீட்டர். விரைவு எஞ்சினில் பிஸ்டனின் வீச்சு 75 மில்லிமீட்டர். ஈட்டாவில் அது 81 மில்லிமீட்டர். ஆகவே விரைவு எஞ்சினின் கொள்ளளவு 2494 கன சென்டிமீட்டராக இருக்க, ஈட்டாவின் கொள்ளளவு 2693 கன சென்டிமீட்டராயிற்று. அளவில் பெரியது ஈட்டாவே. ஆயினும் விரைவு எஞ்சின் நிமிடத்திற்கு 5800 சுழற்சியில் ஏறத்தாழ 170 குதிரைத் திறன் தந்தது. ஈட்டாவோ 4250 சுழற்சியில் ஏறத்தாழ 125 குதிரைத் திறனோடு அமைந்தது.

பெரிய எஞ்சின் சிறிய திறனைத் தருவது குறையன்றோ எனின், அன்று. ஈட்டாவின் இழுவை விரைவு எஞ்சினின் இழுவையினும் மிகுதி. அதுவும் குறைந்த சுழற்சியிலேயே கிடைத்தது. அதன் காற்று வழிகள் குறுக்கப்பட்டன. வால்வுச் சுருள்வில்கள் மென்மையாக்கப்பட்டன. உராய்வைக் குறைக்கும் பொருட்டுக் காம் தண்டைத் தாங்கும் இடங்கள் ஏழிலிருந்து நான்காகக் குறைக்கப்பட்டன. விறைப்பான வில்களையும் கடும் வேகத்தையும் தாங்க வேண்டிய தேவை இல்லாதபோது ஏழு தாங்கிகள் எதற்கு? தேவையறிந்து குறைப்பதே சிக்கனம் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

அட்கின்சன் கண்ட வழி

இனி அமுக்கத்தின் பயனை நோக்குவோர்க்கு மற்றோர் உண்மை விளங்கும். கலவையை எவ்வளவு மிகுதியாக அமுக்கிப் பின் எரித்து விரியவிடுகிறோமோ, அவ்வளவுக்கு அதன் வெப்பம் வேலையாக மாறும். பிஸ்டன் கீழே நிற்கும்போதுள்ள இடத்திற்கும், மேலே நிற்கும்போதுள்ள இடத்திற்கும் உள்ள விகிதமே அமுக்க விகிதம். இக்காலப் பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றில் இது பத்துக்கு ஒன்று என்னும் அளவிலோ அதற்குச் சற்று மிகுந்தோ உள்ளது. ஜெர்மன் அறிஞர் ருடால்ப் டீசல் 1890-களில் கண்ட எஞ்சினில் இது மேலும் மிகுதி. டீசல் வண்டிகள் சிக்கனமாக ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியாயின் பெட்ரோல் எஞ்சினிலும் அமுக்கத்தை வேண்டிய மட்டும் கூட்டலாகாதோ? ஆகாது. அளவு கடந்து அமுக்கினால் கலவை சூடேறி, சுடர் வந்து சேரும் முன்னரே தானாக வெடித்துவிடும். அப்பொழுது எஞ்சினுள் சுத்தியால் தட்டுவது போன்ற ஓசை எழும். மெக்கானிக்குகள் இதனை நாக்கிங் என்பர். சீராக எரிய வேண்டிய தீ வெடியாக மாறிவிட்டது என்பதே அதன் பொருள். அது நீடித்தால் பிஸ்டன் பழுதுறும்.

இத்தடையைச் சூழ்ச்சியால் கடந்தவர் இங்கிலாந்து நாட்டினராகிய ஜேம்ஸ் அட்கின்சன். அவர் 1880-களில் ஒரு புதிய எஞ்சினை அமைத்தார். அதில் கலவையை அமுக்கும் வீச்சு குறுகியது; எரிந்தபின் விரியும் வீச்சு நீண்டது. சாதாரண எஞ்சினில் புகை இன்னும் விசையோடு இருக்கும்போதே வெளியே விடப்படுகிறது. அட்கின்சன் முறையில் அது மேலும் விரிந்து, தன் விசையைப் பிஸ்டனிடம் கொடுத்துவிட்டே வெளியேறும். கரும்பை ஒரு முறை ஆலையில் இட்டு எறியாமல், மறுமுறையும் இட்டுச் சாற்றை முற்றும் எடுப்பது போன்றது இது.

அட்கின்சன் இதற்காக அமைத்த இணைப்புத் தண்டுகள் சிக்கலானவை. அதனால் அம்முறை நெடுங்காலம் பரவவில்லை. பின்வந்தோர் எளிய வழி ஒன்றைக் கண்டனர். உள் வால்வைச் சிறிது காலம் தாழ்த்தி மூடினால், பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கும்போது புகுந்த காற்றில் ஒரு பகுதி திரும்பிச் சென்றுவிடும். எஞ்சியதே அமுக்கப்படும்; ஆனால் விரிவதற்கு முழு வீச்சும் கிடைக்கும். 1997-ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா பிரியஸ் என்னும் கலப்பினக் கார் இம்முறையை உலகறியச் செய்தது.

இந்தியாவிலும் இதற்குச் சான்று உண்டு. 2022-ஆம் ஆண்டில் மாருதி சுசுகி நிறுவனத்தார் கிராண்ட் விட்டாரா என்னும் காரை இரு வகை எஞ்சின்களுடன் வெளியிட்டனர். பெங்களூருக்கு அருகேயுள்ள பிடதியில் டொயோட்டா தொழிற்சாலையில் அது செய்யப்பட்டது. ஒரு வகையில் 1462 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. அதன் திறன் ஏறத்தாழ 103 குதிரைத் திறன். மற்றொன்றில் அட்கின்சன் முறையில் இயங்கும் மூன்று சிலிண்டர் எஞ்சின் இருந்தது. கொள்ளளவு 1490 கன சென்டிமீட்டர், திறன் ஏறத்தாழ 92 குதிரைத் திறன். இங்கும் சற்றுப் பெரிய எஞ்சினே குறைந்த திறனைத் தந்தது. புகுந்த காற்றில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடுவதால் ஒவ்வொரு முறையும் எரியும் அளவு குறைவு என்பதே காரணம்.

இக்குறையை ஈடு செய்தது மின்மோட்டார். புறப்படும்போதும் முந்திச் செல்லும்போதும் அது எஞ்சினுக்குத் துணை நின்றது. பிரேக் இடும்போது வீணாகும் ஆற்றலை மின்சாரமாக்கிப் பாட்டரியில் சேர்த்தும் வைத்தது. ஆய்வு நிலையச் சோதனையில் முதல் வகைக் கார் கைக் கியருடன் லிட்டருக்கு 21.11 கிலோமீட்டரும், இரண்டாம் வகைக் கார் 27.97 கிலோமீட்டரும் ஓடின. சோதனைக் கணக்கின்படி 1000 கிலோமீட்டர் செல்ல முதலாவதற்கு 47 லிட்டருக்குச் சற்று மேலும், இரண்டாவதற்கு 36 லிட்டருக்குச் சற்றுக் கீழும் பெட்ரோல் வேண்டும். மிச்சம் ஏறத்தாழ 11 லிட்டர் 600 மில்லிலிட்டர். மேடு பள்ளமும் நெரிசலும் உள்ள சாலைகளில் இவ்வெண்கள் குறையும். சிக்கனக் கார் விலையிலும் மிகுதி. வாங்குவோர் இவற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சிறிய எஞ்சினின் பெருந்திறன்

விரைவை விரும்புவோர்க்கும் ஒரு புதுவழி உண்டு. அதன் பெயர் டர்போ. வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு காற்றாடி சுழலும். அதனோடு இணைந்த மற்றொரு காற்றாடி வெளிக்காற்றை அமுக்கிச் சிலிண்டருக்குள் செலுத்தும். மிகுதியான காற்றுப் புகுந்தால் மிகுதியான பெட்ரோலை எரிக்கலாம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் நிறுவனத்தின் தொழிற்சாலை உள்ளது. 1998 முதல் அங்குக் கார்கள் செய்யப்படுகின்றன. 2020-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தார் வெளியிட்ட புதிய ஐ20 காரின் பெட்ரோல் எஞ்சின்களில் இரு வகை இருந்தன. டர்போ இல்லாத 1197 கன சென்டிமீட்டர் எஞ்சின், கைக் கியருடன் 83 குதிரைத் திறன் தந்தது. டர்போவுடன் கூடிய 998 கன சென்டிமீட்டர் எஞ்சினோ 120 குதிரைத் திறன் தந்தது. சிறியது பெரியதை வென்றது!

டர்போ எஞ்சின் மெல்ல ஓட்டுவோர்க்குச் சிறிய எஞ்சினாகவே நடந்துகொள்ளும். பெட்ரோலும் அளவாகவே செலவாகும். விரைந்து மிதிப்போர்க்கோ அது பெரிய எஞ்சினாக மாறும். பெரிய எஞ்சினுக்கு உரிய தீனியையும் கேட்கும். சிக்கனமும் விரைவும் ஓட்டுவோரின் காலில் அடங்கியுள்ளன என்பதை அது மெய்ப்பிக்கிறது.

சிக்கனம் மெலிவு அன்று

திறனைக் குறைத்துவிட்டால் சிக்கனம் தானே வந்துவிடும் என்று கருதுவோர் உண்டு. அஃது உண்மையன்று என்பதைத் தமிழ்நாட்டின் கார்த் தொழில் வரலாறே உணர்த்தும். சென்னைப் புறநகரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் பல்லாண்டுகள் கார்களைச் செய்து வந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் அதன் சிறிய காரைத் தமிழ்நாட்டு முதியோர் இன்றும் நினைவுகூர்வர். அந்நிறுவனம் 1985-ஆம் ஆண்டில் ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய காரை வெளியிட்டது. அதன் உடல் இங்கிலாந்தில் 1976-இல் வெளிவந்த ரோவர் காரின் உடல். அங்கு அந்த உடலுக்கு முதன்முதலில் பொருத்தப்பட்டது எட்டுச் சிலிண்டர்களைக் கொண்ட மூன்றரை லிட்டர் எஞ்சின். சென்னையிலோ 1991 கன சென்டிமீட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. அது 1940-களின் இறுதியில் இங்கிலாந்தில் தோன்றிய வான்கார்டு எஞ்சினின் வழிவந்தது.

எஞ்சின் சிறிதாயிற்று, ஆனால் உடலின் பாரம் பெரிது, எஞ்சினின் வடிவமோ பழையது. பெரும் பாரத்தை இழுக்கும் மெலிந்த எஞ்சின் எப்பொழுதும் தன் முழு வலிமையையும் செலவிட வேண்டியிருக்கும். அந்நிலையில் திறனுக்காகக் கலவையில் பெட்ரோலின் பங்கும் கூட்டப்படும். ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுப் போதும். முழு வலிமை வேண்டும்போது காற்றின் பங்கு 13-க்கும் கீழே குறைக்கப்படும். அப்பொழுது ஒரு பகுதிப் பெட்ரோல் முற்றும் எரியாமலே வெளியேறும். ஸ்டாண்டர்டு 2000 எதிர்பார்த்த அளவுக்கு மைலேஜ் தரவில்லை என்னும் குறை வாங்கியோரிடையே எழுந்தது. சில ஆண்டுகளுக்குள் அதன் உற்பத்தியும் நின்றுபோயிற்று.

ஏறத்தாழ அக்காலத்திலேயே, 1983-ஆம் ஆண்டு டிசம்பரில், மாருதி 800 வெளிவந்தது. 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் எஞ்சின் அதனுடையது. அவ்வெஞ்சினும் சிறியதே. ஆயினும் அதற்கேற்பக் காரின் உடலும் இலேசாக அமைந்தது. சிறிய எஞ்சினுக்குச் சிறிய பாரம் என்னும் பொருத்தம் அங்கு இருந்தது. அதனால் மக்கள் பல்லாண்டுகள் அதனை விரும்பி வாங்கினர். எஞ்சின், உடல், கியர், பணி ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்தும்போதே சிக்கனம் பிறக்கும் என்பது இவ்விரு கார்களால் பெறப்படும் பாடம்.

ஓட்டுவோர் கடமை

பொறியாளர் தொடங்கி வைத்த சிக்கனத்தை நிறைவேற்றுவோர் ஓட்டுநரே. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். இந்திய அரசு 1978-ஆம் ஆண்டில் பெட்ரோலியச் சேமிப்புக்கென ஓர் ஆய்வுக் கழகத்தை நிறுவியது. மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வரை சீரான வேகத்தில் செல்லுதல் சிக்கனத்திற்கு ஏற்றது என்பது அக்கழகத்தின் அறிவுரை. டயர்களில் போதிய காற்று இருத்தல் வேண்டும். காற்று வடிகட்டி தூய்மையாக இருத்தல் வேண்டும். வண்டி நெடுநேரம் நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிடுதல் வேண்டும். திடீரென மிதிப்பதும், உடனே பிரேக் இடுவதும் பெட்ரோலைக் கொட்டிவிடுவதற்கு ஒப்பாகும்.

தாயில்பட்டி போன்ற ஊரில் வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்போர்க்கு இவை சிறு செய்திகள் அல்ல. அன்றாட வருவாயில் பெரும்பகுதி எரிபொருளுக்கே போய்விடுமாயின் வீட்டுக்கு எஞ்சுவது யாது? ஒரு நாளைக்கு மிச்சமாகும் அரை லிட்டர், திங்கள் முடிவில் பிள்ளைகளின் புத்தகமாகவும் துணியாகவும் மாறும்.

வீட்டுக்கு உரிய இந்நீதி நாட்டுக்கும் உரியது. இந்தியாவுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. அதற்கு நாட்டின் செல்வம் பெருமளவில் வெளியே செல்கிறது. அன்றியும் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. உலகின் வெப்பம் பெருகுவதற்கு அவ்வாயு ஒரு பெருங்காரணம். மின்சாரத்தால் ஓடும் வண்டிகள் இன்று பெருகி வருகின்றன. அவற்றிலும் பாட்டரியின் மின்சாரத்தை அளந்து செலவிடுவோரே நெடுந்தூரம் செல்வர்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது தமிழரின் பழமொழி. விரைவு எஞ்சின் பழிக்கத்தக்கது அன்று. ஒரு நோயாளியைக் காக்க விரையும் வண்டிக்கு அத்தகைய ஆற்றல் வேண்டியதே. ஆனால் கடைத்தெருவுக்குச் செல்வதற்கும் பள்ளிக்குச் செல்வதற்கும் பந்தயக் காளையைப் பூட்டுதல் அறிவுடைமை ஆகாது. தீயை மூட்டுதல் எளிது. வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவே எரியச் செய்தல் அரிது. அவ்வரிய கலையைக் கற்றுத் தேர்வோரே நாளைய பொறியாளர் ஆவர்.